பதினேழு பள்ளிக்கூட வேன்கள்

அந்த ஊரில் அவளுடைய முகத்தைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். குரலைத் தெரிந்தவர்கள் ஏராளம். தனியார் பஸ் கம்பெனி ஒன்றின் கன்ட்ரோல் ரூமில், ஜன்னலே இல்லாத அறையில், வயர்லெஸ் மைக்குக்கு முன்னால் பதினாறு வருஷம் உட்கார்ந்திருந்தவள். எந்த வண்டி எந்தத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது, எந்தச் சாலையில் தண்ணீர் ஏறியிருக்கிறது, எந்த டிரைவருக்குச் சாப்பாட்டு நேரம் தவறினால் மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. டிரைவர்கள் அவளைக் கன்ட்ரோல் அக்கா என்றார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள்.

ஒருநாள் கம்பெனி கைமாறியது. புது முதலாளிகள் அந்த அறையைப் பூட்டிவிட்டு, அவள் வேலையை ஒரு கம்ப்யூட்டரிடம் கொடுத்தார்கள். அதே வருஷம், வெல்டராக இருந்த அவள் கணவர் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். கம்பி வைத்துக் கட்டி, எட்டு மாதம் அசையக்கூடாது என்றார்கள். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் ஒன்பதாவது, சின்னவள் ஒன்றாவது. கன்ட்ரோல் அக்கா வேலை தேடிப் படி ஏறாத ஆபீஸ் இல்லை. நாற்பத்து நான்கு வயது என்றதும் ஃபைலை மூடிவிட்டு, அப்புறம் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சின்னவளின் பள்ளிக்கூட ஷூ வாய் பிளந்தது. காலையில் பால் என்பது ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. பிறகு அதுவும் நின்றது.

கீழ்வீட்டு இஸ்திரிக்காரம்மாதான் 'அக்கம்பக்கம்' பற்றிச் சொன்னாள். மரச்சாமான் கடைக்குப் பின்னால், பழைய டயர் குடோனில் நடந்த தர்ம சங்கம் அது. அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு, குழந்தைக்குப் பால் மாவு, பிள்ளைகளுக்கு ஷூ, காலி சிலிண்டருக்குப் பதில் நிறைந்த சிலிண்டர் என்று, வீட்டில் எது இல்லாமல் நாள் ஓடாதோ அதைக் கொடுப்பார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு நர்ஸம்மாவும், தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேரும் சேர்ந்து நடத்தினார்கள். கன்ட்ரோல் அக்கா முதல் தடவை போனபோது, மழையே இல்லாத காலையில் குடையை விரித்து முகம் மறையும்படி தாழ்த்திப் பிடித்துக்கொண்டு போனாள். எதிரே வந்த ஒருத்தர் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். பையோடு வீடு திரும்பியபோது அவள் கணவர் கட்டிலில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த முதுகைப் பார்ப்பதுதான் அவளுக்கு வரிசையில் நிற்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மூன்றாவது தடவை அவள் வரிசையில் நின்ற செவ்வாய்க்கிழமைதான் இந்தக் கதை நடந்தது.

மணி ஒன்பது நாற்பது. மேஜைமேல் இருந்த போன் அடித்தது. நர்ஸம்மா எடுத்தார். ஊருக்கு வெளியே, வண்டியில் இருபது நிமிஷத் தூரத்தில் இருந்த ஒரு குளிர்பதனக் கிடங்கின் மேனேஜர் பேசினார். விடியற்காலையில் மெஷின் எரிந்துபோய்விட்டதாம். மாற்று மெஷின் மறுநாள்தான் வருமாம். கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் மதியம் ஒரு மணி வரை உள்ளே குளிர் நிற்கும். அதற்குள் எடுக்காத சரக்கு எல்லாவற்றையும் குப்பைக் கிடங்கில் கொட்ட வேண்டும் என்பது கம்பெனி விதி. பட்டாணி, கேரட், கோழி, பால், வெண்ணெய் என்று ஆறு டன் இருக்கிறது, எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

நர்ஸம்மாவின் முகம் மலர்ந்தது, உடனே வாடியது. சங்கத்துக்கு இருந்த ஒரே வேன் கிளட்ச் போய் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. ஃபிரிட்ஜ் என்று பார்த்தால், மூலையில் முனகிக்கொண்டிருந்த ஒரு பழைய பெட்டி. அவர் நன்றி சொல்லி, இல்லை என்பதற்கு வாயெடுத்தார்.

"முடியாதுன்னு சொல்லிடாதீங்க. ஒரு நிமிஷம் லைன்ல இருக்கச் சொல்லுங்க."

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பினார்கள். கன்ட்ரோல் அக்காவும் திரும்பிப் பார்க்கப் போனாள். பேசியது தான்தான் என்பது அப்புறம்தான் அவளுக்கே உறைத்தது. கால்கள் வரிசையை விட்டு வெளியே வந்திருந்தன. தலைக்குள் ஏதோ ஒரு விளக்குப் பலகை பளிச்சென்று எரிந்தது, ஒவ்வொரு பல்பாக.

மொத்தம் எத்தனை பெட்டி, ஒவ்வொன்றும் எவ்வளவு கனம் என்று கேட்கச் சொன்னாள். அறுநூறு பெட்டி, பத்துப் பத்துக் கிலோ என்று பதில் வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பள்ளிக்கூட வேன்கள் எட்டே முக்காலுக்குப் பிள்ளைகளை இறக்கிவிடும். மறுபடி மூன்று மணிக்குத்தான் வேலை. அதுவரை பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் வரிசையாகச் சும்மா நிற்கும். டிரைவர்கள் சீட்டாடுவார்கள், இல்லாவிட்டால் சீட்டைச் சாய்த்துப் போட்டுக் குறட்டை விடுவார்கள். அவர்களில் பாதிப் பேர் பஸ் கம்பெனி கைமாறியபின் வெளியே வந்து, கடன் வாங்கிச் சொந்த வேன் எடுத்தவர்கள். ஒரு வேனுக்கு முப்பத்தைந்து, முப்பத்தாறு பெட்டி தாங்கும். பதினேழு வேன்.

"வரோம்னு சொல்லுங்க," என்றாள்.

நர்ஸம்மா சட்டென்று யாரையும் நம்புகிறவர் அல்ல. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளை இரண்டு விநாடி பார்த்தார். பிறகு போனில் வருகிறோம் என்றார்.

அவள் முதலில் கூப்பிட்டது பிளாஸ்க்கை. எந்நேரமும் இடுப்பில் ஒரு பிளாஸ்க்கைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்ததால் அந்த டிரைவருக்கு அந்தப் பெயர். பதினோரு வருஷம் அவள் குரலைக் கேட்டு வண்டி ஓட்டியவர். நேரில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவள் 'ஹலோ' என்ற ஒரு வார்த்தைதான் சொன்னாள். மறுமுனையில் சீட்டுக்கட்டு சரிந்து விழும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க கன்ட்ரோல்," என்றார் பிளாஸ்க். "வண்டி மைதானத்துல நிக்குது. டேங்க் ஃபுல்."

விஷயத்தை நாலே வாக்கியத்தில் சொன்னாள். பிளாஸ்க் யாரிடமும் கெஞ்சவில்லையாம். மைதானத்தின் நடுவில் நின்று, கன்ட்ரோல் கூப்பிடுது என்று மட்டும் சத்தம் போட்டாராம். பஸ் கம்பெனி ஆட்கள் சீட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்கள். அவளை அறியாத மற்ற டிரைவர்கள், இவர்கள் எழுந்த வேகத்தைப் பார்த்து, என்னமோ ஏதோ என்று பின்னாலேயே வண்டியைக் கிளப்பினார்கள். அவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். மூன்று மணிக்குச் சீட்டெல்லாம் சுத்தமாக, ஈரமில்லாமல் இருக்க வேண்டும். பிள்ளைகள் உட்கார வேண்டிய இடம்.

நர்ஸம்மாவுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. கோழியும் பாலும் ஒரு நிமிஷம்கூடச் சூடு ஏறக்கூடாது. ஏறினால் அவரே குப்பையில் கொட்டிவிடுவார். வரிசையில் நின்றிருந்த ஒரு பெண், தன் அண்ணன் மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைக்கிறவன் என்றாள். காலை ஏலம் முடிந்தால் மிச்ச ஐஸ் கரைந்து சாக்கடைக்குத்தான் போகிறது. அந்த ஐஸ்காரருக்குப் போன் போனது. மூட்டை மூட்டையாக உடைத்துக் கிடங்கு வாசலிலேயே கொண்டுவந்து இறக்குகிறேன், ஆனால் கொஞ்சம் மீன் வாடை அடிக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை என்றார் அவர். தார்ப்பாயும் அவரே கொண்டுவருவதாகச் சொன்னார்.

வேன் வந்துவிடும், ஐஸ் வந்துவிடும். சரக்கை எங்கே இறக்குவது? குடோனில் வைத்தால் சாயங்காலத்துக்குள் எல்லாம் குழம்பாகிவிடும். நேராக வீடுகளுக்குத்தான் போக வேண்டும். சங்கத்தின் பதிவேட்டில் முந்நூற்று நாற்பது குடும்பங்கள் இருந்தன. கன்ட்ரோல் அக்கா அதைக் கேட்டாள். நர்ஸம்மா கொடுக்கவில்லை. நோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். இதில் இருப்பவர்கள் தங்கள் கஷ்டத்தை என்னை நம்பிச் சொன்னவர்கள், பள்ளிக்கூட வேன் டிரைவருக்கெல்லாம் அது தெரிந்தால் நாளைக்கு அந்தப் பிள்ளைகள் எப்படி வேனில் ஏறும் என்று கேட்டார்.

அது நியாயமான கேள்வி. மழையில்லாத நாளில் குடை பிடித்தவளுக்கு அது தெரியாதா? அவள் சுவரில் தொங்கிய கரும்பலகையின் பக்கம் போனாள்.

"டிரைவருக்கு யார் வீடு, எதுக்குன்னு ஒண்ணும் தெரிய வேணாம்மா," என்றாள். "கதவு நம்பர் மட்டும் குடுப்போம். அவர் கதவைத் தட்டி உதவி கேக்கட்டும். கிடங்குல மெஷின் கெட்டுப்போச்சு, நல்ல சாமான் வீணாப் போகுது, நீங்க கொஞ்சம் வாங்கிக்கிட்டா பெரிய உதவியா இருக்கும்னு கேக்கட்டும். பொய்யும் இல்லையே. அதானே நடந்தது. நம்ம கணக்குக்கு மேல நிறைய இருக்கு. ஒவ்வொரு தெருவுலயும் பக்கத்து வீடு, எதிர் வீடுன்னு சேத்துத் தட்டட்டும். யார் நோட்டுல இருக்காங்க, யார் இல்லைன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

நர்ஸம்மா நோட்டை அவள் பக்கம் தள்ளினார். சாக்பீஸையும் எடுத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அந்தக் குடோன் குடோனாக இல்லை. வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, அவள் பெயர் சொல்லாமல் வாசித்த கதவு எண்களைத் துண்டுக் காகிதங்களில் எழுதினார்கள். அவள் பலகையில் பதினேழு கட்டம் போட்டாள். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குப் பால் முதலில். அடுப்பு இல்லாத வீட்டுக்குக் கோழி கொடுத்து என்ன பிரயோஜனம், அங்கே வெண்ணெயும் பாலும். மூன்று வேன் முதியோர் இல்லத்துக்கும் ஆஸ்பத்திரிச் சமையலறைக்கும் தொழிலாளர் விடுதிக்கும். ஒரு தெருவுக்குள் வேன் திரும்ப முடியுமா முடியாதா என்பது வரை அவள் வாயிலிருந்து வந்துகொண்டே இருந்தது. பதினாறு வருஷம் ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து கேட்ட ஊர் மொத்தமும் அவளுக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. யாரோ அவள் கையில் டீ டம்ளரைத் திணித்தார்கள். குடித்தாளா, கீழே வைத்தாளா என்று அவளுக்கு நினைவில்லை.

பத்தே முக்காலுக்கு முதல் வேன் கிடங்கு வாசலுக்குப் போனது. அங்கே ஒரு சிக்கல். பொறுப்பான ஒருவர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினால்தான் சரக்கு வெளியே வரும் என்றார் மேனேஜர். இதை எதிர்பார்த்து அவள் நர்ஸம்மாவைச் சங்கத்தின் முத்திரையோடு பிளாஸ்க்கின் வேனிலேயே ஏற்றி அனுப்பியிருந்தாள். அடுத்த சிக்கல், கதவைத் திறந்தே வைத்தால் உள்ளே குளிர் ஓடிவிடும். மூன்று வேன் வந்து நின்றபின் ஐந்து நிமிஷம் மட்டும் திறங்கள், டிரைவர்கள் சங்கிலியாக நின்று கைமாற்றுங்கள், மூடுங்கள், அடுத்த மூன்று என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். கிடங்குத் தொழிலாளிகளும் சங்கிலியில் சேர்ந்துகொண்டார்கள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு மேனேஜரும் நடுவில் நின்றாராம். நர்ஸம்மா ஒவ்வொரு வேனிலும் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்து, தலையை அசைத்தால்தான் வண்டி நகரும்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கடைசிப் பெட்டி வெளியே வந்தது. குடோனில் கைதட்டல் எழுந்து அடங்குவதற்குள் போன் அடித்தது. ரயில்வே கேட் மூடிவிட்டது. ஒரு சரக்கு ரயில் நடுவில் நின்றுவிட்டது, எப்போது நகரும் என்று கேட்மேனுக்கே தெரியவில்லை. ஆறு வேன்கள் கிடங்குப் பக்கமே வெயிலில் நிற்கின்றன. ஐஸ் சொட்ட ஆரம்பித்துவிட்டது.

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் நெற்றியைத் தேய்த்தாள். கேட்டுக்கு இடது பக்கம், மரக்கடைக்குப் பின்னால், ரயில் பாலத்தின் அடியில் ஒரு குறுக்குப் பாதை உண்டு. பஸ்ஸின் கூரை முட்டும் என்பதால் பதினாறு வருஷமும் அவள் ஒரு வண்டியைக்கூட அதில் விட முடிந்ததில்லை. கேட் மூடும் போதெல்லாம் வரைபடத்தில் அந்தக் கோட்டை ஆசையாகப் பார்த்துப் பெருமூச்சு விட்டதோடு சரி.

வேன் போகுமா? போகும். ஐந்து வேன் போகும். ஆறாவது வேனின் தலையில் பைகள் வைக்கும் இரும்புக் கேரியர் இருந்தது. அது இடிக்கும்.

"கழட்டிடுங்க," என்றாள்.

"கன்ட்ரோல், அது எட்டு போல்ட்டு."

"நீங்க எத்தனை பேர் இருக்கீங்க?"

"ஆறு பேரு."

"அப்புறம் என்ன?"

ஆறு நிமிஷத்தில் கழற்றினார்கள். கேரியரை மரக்கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் பாலத்துக்குள் நுழைந்தார்கள். முதல் வேன் டிரைவர் போனை அணைக்காமல் சீட்டிலேயே போட்டிருந்தார். எஞ்சின் சத்தம் பாலத்தின் அடியில் கும்மென்று எதிரொலித்து, பிறகு பளிச்சென்று திறந்த வெளிச் சத்தமாக மாறியது குடோன் வரை கேட்டது. கன்ட்ரோல் அக்கா மேஜையை ஓங்கித் தட்டினாள். டீ டம்ளர் கவிழ்ந்தது.

அதன்பின் தெருத்தெருவாகச் செய்திகள் வந்தன. ஒரு வீட்டில் மூன்று குழந்தைகள் பால் பாக்கெட்டைக் கன்னத்தில் ஒத்திக்கொண்டு சிரித்தார்களாம். ஒரு பெரியவர், உதவி என்று கேட்டால் செய்யாமல் இருக்க முடியுமா என்று சொல்லி, தன் பங்குக்கு மேல் இன்னொரு பெட்டியையும் வாங்கிப் பக்கத்துக் குடித்தனங்களுக்குத் தானே பங்கு போட்டாராம். வேன்கள் ஒவ்வொன்றாக மைதானம் சேர்ந்தன. சீட்டுகளைத் துடைத்தார்கள், ஜன்னல்களைத் திறந்துவைத்தார்கள். இரண்டு ஐம்பதுக்குப் பதினாறு வேன் வந்துவிட்டது. பிளாஸ்க்கின் வேனை மட்டும் காணோம். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காவது மாடிக்குப் பெட்டிகளைத் தோளில் சுமந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தார் அவர். பள்ளிக்கூட மணி அடித்துக்கொண்டிருக்கும்போது, பாதி நனைந்த சட்டையோடு வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். சீட்டெல்லாம் ஜில்லென்று இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் வேனுக்கு ஏசி போட்டுவிட்டார்களா என்று கேட்டார்கள். ஒரு பெண் குழந்தை மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஏசியில் மீன் இருக்கிறது என்று புகார் சொன்னது.

குடோனில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கன்ட்ரோல் அக்காவுக்குத் தொண்டை கட்டிக் குரலே வரவில்லை. எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோய், வெறும் பையோடு வீட்டுக்கு நடந்தாள். நடந்தாள் என்பதைவிட ஓடினாள். குடையைக் குடோனிலேயே விட்டுவிட்டாள்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் வெண்ணெய் உருகும் மணம். அவள் கணவர் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒற்றைக் காலில் அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தார். மேஜைமேல் ஒரு பெட்டி. பெரியவள் பட்டாணியை அலசிக்கொண்டிருந்தாள். சின்னவளின் மேலுதட்டில் பால் மீசை. பதிவேட்டில் தன் வீடும் இருப்பது, ஒன்பதாவது கட்டத்தில் தன் கையாலேயே அந்தக் கதவு எண்ணை எழுதியது, அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

கணவர் திரும்பினார். அவர் முகத்தில் பல மாதமாகக் காணாத ஒரு களை.

"ஒரு டிரைவர் வந்தாரு," என்றார். "கிடங்குல மெஷின் போயிடுச்சாம், பாவம், சாமான் வீணாகுதுன்னு உதவி கேட்டு வந்து நின்னாரு. நான்தான் சரி குடுங்கன்னு வாங்கி வச்சேன். எதிர்வீட்டுல யோசிச்சாங்க. நான்தான் எடுத்துச் சொல்லி அவங்களையும் வாங்க வச்சேன். நாமளும் ஒரு ஆத்திர அவசரத்துக்கு உதவணும் இல்லையா."

அவளால் பேச முடியவில்லை, குரல்தான் இல்லையே. ஆமாம் என்று தலையை ஆட்டினாள். பிறகு சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. என்ன ஆயிற்று என்று அவர் கேட்டதற்கு, ஒரு காகிதத்தை இழுத்து, நடந்ததை முதலிலிருந்து எழுதிக் காட்ட ஆரம்பித்தாள். கதவைத் தட்டி உதவி கேட்கச் சொன்னது யார் என்பதை மட்டும் எழுதவில்லை. பாலத்தின் அடியில் வேன் போன கட்டத்தைப் படித்தபோது அவர் ஊன்றுகோலால் தரையைத் தட்டினார். அடுப்பில் பட்டாணி கொஞ்சம் அடிப்பிடித்தது. யாரும் கவலைப்படவில்லை.

மறுநாள் காலை நர்ஸம்மா படியேறி வந்தார். கையில் அவள் விட்டுவந்த குடை.

"நாளைக்கு வருவீங்களா?" என்று கேட்டார். "வரிசைல நிக்கறதுக்கு இல்ல."

அப்படித்தான் 'பத்து-மூணு' வண்டிகள் தொடங்கின. வாரத்தில் இரண்டு நாள், பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் பத்து மணி முதல் மூன்று மணி வரை, வேன்கள் பேக்கரிக்கும் காய்கறி மார்க்கெட்டுக்கும் பால் பண்ணைக்கும் ஷூ கம்பெனிக்கும் போயின. டிரைவர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். முறை தவறினால் கோபித்துக்கொண்டார்கள். ஐஸ்காரர் மீன் வாடை இல்லாத ஐஸுக்கென்று தனிப்பெட்டி வைத்தார். ஆறு மாதத்தில் சங்கம் அவளை மாதச் சம்பளத்துக்கு வேலையில் வைத்தது. அவள் கணவர் கால் ஊன்றியதும் முதல் வேலையாக, வேனுக்குள் மாட்டிக் கழற்றுகிற மாதிரி இரும்புத் தட்டுகள் பதினேழு செய்து கொடுத்தார். பதிவேட்டில் குடும்பங்கள் நானூறைத் தாண்டின. ஆனால் குடோன் வாசலில் வரிசை சுருங்கிவிட்டது. சாமான்தான் வீடு தேடிப் போகிறதே. ஒன்பதாவது கட்டத்திலிருந்து தன் கதவு எண்ணை ஒருநாள் அவளே அழித்துவிட்டு, அந்த இடத்தில் வேறொரு எண்ணை எழுதினாள்.

போன வாரம் ஒரு விடுதிக்காரர் கூப்பிட்டார். எல்லாக் கட்டில்களையும் மாற்றுகிறார்களாம். மடக்குகிற கட்டில்கள் அறுபது, மெத்தையோடு, புதுசு மாதிரி. தரையில் படுக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளின் பட்டியல் நர்ஸம்மாவிடம் நீளமாக இருந்தது. வேனுக்குள் கட்டில் நுழையவே நுழையாது என்று டிரைவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். அவள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கே போய், ஒவ்வொரு வேனின் பின்கதவையும் அளந்தாள். நுழைந்தது, இரண்டு விரற்கடை மிச்சத்தில்.

அன்று மதியம் ஒரு மாடிவீட்டின் வாசலில் கட்டிலை இறக்கி விரித்துப் பார்த்தபோது, அந்த வீட்டுச் சின்னப் பெண் ஓடிவந்து மெத்தையில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். இறங்கச் சொன்னால் இறங்கவில்லை. அம்மா கெஞ்சினாள், அதட்டினாள். கடைசியில் ஒரு முனையைப் பிளாஸ்க்கும் மறுமுனையை இன்னொரு டிரைவரும் தூக்க, நடுவில் அவள் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூன்று மாடியும் அப்படியே ஏறிப் போனாள். கீழே நின்ற கன்ட்ரோல் அக்கா, "மெதுவா, திருப்பத்துல இடது பக்கம் ஒடிங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் மேலேயிருந்து அந்தக் குழந்தையின் சிரிப்பு சத்தமாகக் கேட்டது.